லினக்ஸ் பேக்கேஜை இரவில இறக்கிப் பகலில போடுறது: எந்த வழி ஆருக்குச் சரிவரும்?

லினக்ஸில ஒரு புரோகிராமைப் போட டெர்மினலில ஆப்ட் இன்ஸ்டால் எண்டு அடிச்சு எண்டர் தட்டினா உள்ளுக்க ரெண்டு வேலை நடக்குது. முதல் நெட்டில இருந்து பேக்கேஜ் ஃபைல்களை (புரோகிராமைக் கட்டி வைச்ச பொதியளை) இறக்குது, பிறகு டிபிகேஜி எண்டுற புரோகிராம் அதுகளை விரிச்சு சிஸ்டத்துக்குள்ள போட்டு செட் பண்ணுது. ஃபைபர் லைனும் அளவில்லா டேட்டாவும் இருக்கிற ஆளுக்கு இதைப் பிரிச்சு யோசிக்க ஒரு தேவையும் வராது. ஆனா யாழ்ப்பாணத்தில கன வீடுகளில இன்னும் 4ஜி ரவுட்டர்தான், கன டேட்டா பிளான்களில பகல் டேட்டா ஒரு கணக்கு சாமம் 12 மணிக்குப் பிறகு வாற டேட்டா இன்னொரு கணக்கு, பகல் டேட்டா பிள்ளையளின்ர ஒன்லைன் வகுப்போடயும் யூடியூப்போடயும் பாதி மாசத்திலயே முடிஞ்சிடும், இரவு டேட்டா தொட ஆளில்லாமல் கிடந்து மாசக் கடைசியில வீணாப்போகும். அப்ப உந்த இரவு டேட்டாவில இறக்கி வைச்சிட்டுப் பகலில ஆறுதலா இன்ஸ்டால் பண்ணுறதுதானே புத்தி.

கரண்ட் கதையும் இதுக்குள்ள இருக்கு. 2022 பங்குனிக் கடைசியில நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டினதை ஒருத்தரும் மறந்திருக்க மாட்டியள். இப்ப அப்பிடி இல்லைதான், எண்டாலும் மழைக்காலத்தில சொல்லாமக் கொள்ளாமப் போறது போய்க்கொண்டுதான் இருக்கு. இறக்கேக்க கரண்ட் போனா நட்டமில்லை, பாதி இறங்கின ஃபைல் பார்ஷியல் எண்ட ஃபோல்டருக்குள்ள கிடக்கும், திரும்ப அதே கட்டளையை அடிச்சா பெரும்பாலும் விட்ட இடத்தில இருந்து தொடரும். டிபிகேஜி விரிச்சுக்கொண்டிருக்கேக்க போனாத்தான் தலையிடி. அடுத்தமுறை ஆப்டைத் தொட்டவுடன டிபிகேஜி இடையில நிண்டுபோச்சு, டிபிகேஜி --கொன்ஃபிகர் -ஏ எண்டு அடிச்சுச் சரிப்படுத்து எண்டு சொல்லும், அதோட முடிஞ்சா அதிர்ஷ்டம், கேர்னல் (லினக்ஸின்ர அடிப்படைப் பகுதி) அப்டேட்டின்ர நடுவில போயிருந்தா மெசின் பூட் ஆகாமலே நிக்கலாம். ஃபைலெல்லாம் முதலே டிஸ்கில இருந்தா இன்ஸ்டால் வேலை சில நிமிசத்தில முடிஞ்சிடும், சின்ன யூபிஎஸ் கூட அவ்வளவு நேரம் தாங்கும்.

வழிகள் கனக்க இருக்கு. ஆனா உங்கட கேஸ் எதெண்டு முதல் பாக்கோணும்: இறக்கிற மெசினும் போடுற மெசினும் ஒண்டுதானா, இல்லாட்டி ஒரே கட்டடத்தில கன மெசினா, இல்லாட்டி நெட்டே இல்லாத இடத்துக்குக் கொண்டுபோறதா. முக்கால்வாசிக் குழப்பம் ஒரு கேசுக்குரிய வழியை மற்றக் கேசுக்குப் பாவிக்கிறதாலதான் வருது. (கட்டளையளை இஞ்ச தமிழில எழுதுறன், டெர்மினலில இங்கிலீசிலதான் அடிக்கோணும், அது தெரியும்தானே.)

ஒரே மெசின் எண்டா கதை சுகம். உபுண்டு, மின்ட், டெபியன் எல்லாத்திலயும் ‘ஆப்ட்-கெட் இன்ஸ்டால் --டவுன்லோட்-ஒன்லி’ எண்டு அடிச்சுப் பேக்கேஜின்ர பேரைப் போடுங்கோ, சுருக்கமா வேணுமெண்டா ஒரு கோடு போட்டு சின்ன டி. அது கேட்ட பேக்கேஜையும் அதுக்குத் தேவையான மற்றதுகளையும் இறக்கி வார், கேஷ், ஆப்ட், ஆர்கைவ்ஸ் எண்டுற ஃபோல்டருக்குள்ள வைச்சிட்டு நிக்கும், ஒண்டையும் இன்ஸ்டால் பண்ணாது. விடிய எழும்பி டி இல்லாமல் அதே கட்டளையைத் திரும்ப அடிச்சா ஒரு எம்பியும் இறக்காமல் நேர இன்ஸ்டாலுக்குப் போகும். சிஸ்டம் முழுசுக்கும் அப்டேட் எண்டா இன்ஸ்டாலுக்குப் பதிலா அப்கிரேட் எண்டு போடுறதுதான் வித்தியாசம். ஒண்டு மட்டும் கவனம், இரவில ‘ஆப்ட் அப்டேட்’ அடிச்சு பேக்கேஜ் லிஸ்டைப் புதுப்பிச்சு இறக்கினா, விடிய இன்ஸ்டால் முடியிற வரைக்கும் திரும்ப அப்டேட் அடிக்காதேங்கோ. இடையில புது வேர்ஷன் வந்திருந்தா ஆப்ட் புதுசைத்தான் கேக்கும், இரவு இறக்கினது சும்மா கிடக்கும்.

உதோட ‘ஆப்ட் டவுன்லோட்’ எண்டு வேற ஒண்டு இருக்கு. பேர் ஒருமாதிரி இருந்தாலும் வேலை வேற. அது கேட்ட ஒரே ஒரு பேக்கேஜை மட்டும் நீங்கள் நிக்கிற ஃபோல்டருக்குள்ள இறக்கும், தேவையான மற்றதுகளைத் திரும்பியும் பாக்காது, ரூட் (அட்மின்) பெர்மிஷனும் கேக்காது. ஒரு டெப் ஃபைலுக்குள்ள (டெபியன், உபுண்டுவின்ர பேக்கேஜ் ஃபைல்) என்ன இருக்கெண்டு பாக்க நல்லம், வீட்டு மெசினுக்கு இரவில இறக்கி வைக்க இது வழி இல்லை.

இன்னுமொரு சூட்சுமம். ஆப்ட் எண்டு அடிக்கிறதும் ஆப்ட்-கெட் எண்டு அடிக்கிறதும் இந்த விசயத்தில ஒண்டில்லை. 2016 அளவில இருந்து ஆப்ட் எண்ட கட்டளை இன்ஸ்டால் ஒழுங்கா முடிஞ்சவுடன இறக்கின டெப் ஃபைல்களை அழிச்சிடும், ஆப்ட்-கெட் அப்பிடியே வைச்சிருக்கும். அண்ணாட மெசினுக்கும் கொண்டுபோய்ப் போடலாமெண்டு நினைச்சிருந்தா ஆப்ட்-கெட்டையே பாவியுங்கோ.

சாமம் 12 மணிக்கு எழும்பிக் கட்டளை அடிக்க ஏலாதெண்டா லினக்ஸின்ர பின்னணி வேலையளைப் பாக்கிற சிஸ்டம்டியிட்ட வேலையைக் குடுக்கலாம். டெபியன், உபுண்டு ரெண்டிலயும் ஆப்ட்-டெய்லி எண்டு ஒரு டைமர் இருக்கு, அதின்ர நேரம் காலமை 6 மணியும் பின்னேரம் 6 மணியும், அதோட எல்லாரும் ஒரே நேரத்தில சேர்வரில விழாம இருக்க 12 மணித்தியாலம் வரைக்கும் தானாப் பிந்தித் தள்ளும். உலகத்துக்கு நல்ல யோசனைதான், எங்களுக்குத்தான் கரைச்சல், பகல் டேட்டா எப்ப போச்சு எப்பிடிப் போச்செண்டே விளங்காது, வீட்டில எல்லாரும் பெடியனைத்தான் ஏசுவினம். ‘சிஸ்டம்சிடிஎல் எடிட்’ எண்டு போட்டு அந்த டைமரைத் திறந்து, பழைய நேரத்தை வெறுமை ஆக்கிட்டு சாமம் 1 மணி எண்டு வையுங்கோ, தள்ளிப்போற நேரத்தையும் சில நிமிசமாக் குறையுங்கோ. ஆப்டின்ர பீரியொடிக் செட்டிங்கில ‘டவுன்லோட்-அப்கிரேடபிள்-பேக்கேஜஸ்’ எண்டதை 1 ஆக்கினா இரவில அப்டேட்டுகள் எல்லாம் தானா இறங்கி நிக்கும், பகலில நீங்கள் பாத்துப் போட்டா சரி. மெசின் இரவில ஓடிக்கொண்டிருக்கோணும் எண்டதுதான் ஒரே நிபந்தனை. லப்டொப்பை மூடி வைச்சிட்டுப் படுத்தா இரவில ஒண்டும் நடவாது, விடியத் திறக்கேக்கதான் விட்ட வேலை ஓடும்.

ஃபெடோராக்காரருக்கும் இதே வசதி இருக்கு, ‘டிஎன்எஃப் இன்ஸ்டால் --டவுன்லோட்ஒன்லி’. ஒரு வேர்ஷனில இருந்து அடுத்த வேர்ஷனுக்குப் போற பெரிய அப்கிரேடுக்கு ‘சிஸ்டம்-அப்கிரேட் டவுன்லோட்’ எண்டு தனிய இருக்கு, எல்லாத்தையும் இறக்கி வைச்சிட்டு நீங்கள் சொல்லேக்க ரீபூட் ஆகித்தான் போடும். எனக்கு அது ஆப்டை விட ஒழுங்காப் படுது. ஆர்ச் பாவிக்கிறவை ‘பேக்மேன்’ கட்டளைக்கு எஸ் டபிள்யூ எண்டு போடுவினம். அதில ஒரு பொறி இருக்கு: லிஸ்டைப் புதுப்பிச்சு எல்லா அப்டேட்டையும் இறக்கி வைச்சிட்டு, பிறகு அதில ஒண்டை மட்டும் எடுத்துப் போட்டா சிஸ்டம் பாதி பழசு பாதி புதுசா நிக்கும், ஆர்ச் அதை ஏற்கிறேல்லை. இறக்கினா முழுசையும் போடோணும்.

இனி நெட் இல்லாத மெசின். இதுதான் உண்மையில மினக்கெட்டு யோசிக்க வேண்டிய கேஸ். நெடுந்தீவில ஒரு பள்ளிக்கூடத்து லேப் எண்டு வையுங்கோ, பத்துப் பன்னிரெண்டு பழைய மெசின், ஏ.எல் ஐசிடி பெடியளுக்குப் பைதன் வேணும், சின்னப் பிள்ளையளுக்கு ஜிகொம்ப்ரி, லிப்ரே ஆபிஸ், தமிழில டைப் பண்ண ஐபஸோட எம்17என். போனில சிக்னல் வருதுதான், அதை ஹொட்ஸ்பொட் போட்டு ஜிபி கணக்கில இறக்க ஆர் காசு குடுக்கிறது? அப்ப ரவுணில இறக்கி, குறிகட்டுவானுக்குப் பஸ், அங்க இருந்து ஒரு மணித்தியாலம் போட். மறந்துபோன ஒரு டெப் ஃபைலுக்காகத் திரும்பப் போட் ஏறுறதெண்டா ஒரு முழு நாள் போச்சு.

கன பேர் செய்யிறது என்னண்டா, வீட்டு லப்டொப்பில டவுன்லோட்-ஒன்லி போட்டு அந்த ஆர்கைவ்ஸ் ஃபோல்டரை அப்பிடியே பென் டிரைவில அடிச்சுக்கொண்டு போறது. அங்க போய்ப் பாத்தா பாதி இல்லை எண்டு நிக்கும். காரணம் சிம்பிள், டவுன்லோட்-ஒன்லி உங்கட லப்டொப்பில ஏற்கனவே இருக்கிறதை இறக்காது, இல்லாததை மட்டும்தான் இறக்கும். உங்கட லப்டொப்பில மூண்டு வருசமாப் போட்டுக் குவிச்சது அவ்வளவும் லேப் மெசினில இல்லை. அதைவிட மோசம் வேர்ஷன் வித்தியாசம், உபுண்டு 24.04ல இறக்கினதை 22.04ல போடப் பாக்கிறது. கூட்டாளி தந்த பென்னில ‘லினக்ஸ் சொஃப்ட்வெயார்’ எண்ட பேரில ஒரு ஃபோல்டர், உள்ளுக்க எந்த வேர்ஷனுக்குரியதெண்டே தெரியாத டெப் ஃபைல் நூறு, உதை நம்பி ஒருக்காலும் போகாதேங்கோ.

இதுக்கெண்டே செஞ்சது ஆப்ட்-ஆஃப்லைன். மூண்டு படி. நெட் இல்லாத மெசினில ‘செட்’ எண்டு அடிச்சா எனக்கு இன்னின்ன ஃபைல் வேணுமெண்டு ஒரு சின்ன லிஸ்ட் ஃபைல் எழுதித் தரும். அதைப் பென்னில கொண்டுவந்து நெட் இருக்கிற மெசினில ‘கெட்’ எண்டு அடிச்சா எல்லாத்தையும் இறக்கி, செக்சமும் (பழுதில்லாமல் இறங்கினதோ எண்டு) பாத்து, ஒரே ஜிப்பாக் கட்டித் தரும். இந்த மெசின் லினக்ஸா இருக்கோணுமெண்டுகூட இல்லை, பைதன் போட்ட விண்டோஸும் காணும். பிறகு ஜிப்பைக் கொண்டுபோய் அங்க ‘இன்ஸ்டால்’ அடிக்கிறது. பேரைப் பாத்து ஏமாறவேண்டாம், அது உண்மையில இன்ஸ்டால் பண்ணுறேல்லை, ஆப்டின்ர கேஷுக்குள்ள ஃபைல்களை வைக்குது, அதுக்குப் பிறகு வழமை மாதிரி ஆப்ட்-கெட் இன்ஸ்டால் அடிக்கோணும்.

கேக்க வடிவா இருக்கு, ஆனா தீவுக்கெண்டா ஒரு இழுபறி இருக்கு. புதுசா ஐஎஸ்ஓவில (லினக்ஸைப் போடுற டிஸ்க் ஃபைல்) இருந்து போட்ட மெசினிட்ட நெட்டில என்ன பேக்கேஜ் இருக்கெண்ட லிஸ்டே இல்லை. அதால முதல் சுத்து லிஸ்ட் அப்டேட்டுக்கு, ரெண்டாம் சுத்துத்தான் பேக்கேஜுக்கு, அதோட ஆப்ட்-ஆஃப்லைனையே முதல் ஆரும் கொண்டுபோய்ப் போட்டிருக்கோணும். கொக்குவிலுக்கும் நல்லூருக்கும் இடையில எண்டா சைக்கிளில ரெண்டுதரம் போய்வரலாம், நெடுந்தீவுக்கு ஏலாது.

அதால தீவு கேசுக்கு நான் சொல்லுற வழி வேற. லேப் மெசினுகளுக்கு எந்த ஐஎஸ்ஓவைப் போட்டதோ அதே ஐஎஸ்ஓவை வீட்டில வெர்ச்சுவல்பொக்ஸுக்குள்ள (மெசினுக்குள்ள இன்னொரு மெசின் மாதிரி ஓட்டுற புரோகிராம்) புதுசாப் போடுங்கோ, இன்ஸ்டால் பண்ணேக்க குடுத்த தெரிவுகளும் அதேயா இருக்கோணும். இப்ப உங்களிட்ட லேப் மெசினின்ர அச்சு அசல் ஒண்டு வீட்டிலயே இருக்கு. அதுக்குள்ள ஆப்ட்-கெட் அப்டேட், பிறகு டவுன்லோட்-ஒன்லி. லேப் மெசினில என்ன இல்லையோ அது இதிலயும் இல்லை, அதால ஒண்டும் விடுபடாது. ஆர்கைவ்ஸ் ஃபோல்டரோட வார், லிப், ஆப்ட், லிஸ்ட்ஸ் எண்ட ஃபோல்டரையும் சேத்துக் கொண்டுபோங்கோ, ரெண்டையும் அதேயதே இடத்தில வைச்சிட்டு ஆப்ட்-கெட் இன்ஸ்டாலோட --நோ-டவுன்லோட் எண்டு போட்டு அடிக்கலாம். போறதுக்கு முதல் அதே வெர்ச்சுவல் மெசினை முந்தின நிலைக்குத் திருப்பி, நெட்டைக் கழட்டிவிட்டு, பென்னில இருந்து ஒருக்கா ஒத்திகை பாக்கலாம். ஒரு போட் பயணத்துக்கு அது காணும்.

ஒத்திகை பாக்கச் சொல்லுறதுக்குக் காரணம் இருக்கு. சில பேக்கேஜுகள் டெப் ஃபைலாப் பாத்தா உள்ளுக்க வெறும் கோதுதான். உபுண்டு 22.04ல இருந்து ஃபயர்ஃபொக்ஸ் அப்பிடி, ஆப்டில இறக்கினா சின்னதா ஒண்டு வரும், இன்ஸ்டால் பண்ணேக்கதான் அது ஸ்னாப் எண்ட உபுண்டுவின்ர தனி ஸ்டோருக்குப் போய் உண்மையான ஃபயர்ஃபொக்ஸை இழுக்கும். மைக்ரோசொஃப்ட் ஃபொன்ட் பேக்கேஜும் அதே கதை, ஃபொன்ட் அதுக்குள்ள இல்லை, போடேக்கதான் நெட்டில தேடும். ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ் எண்டு உபுண்டுவில எல்லாரும் போடுறதுக்குள்ளயும் இந்த ஃபொன்ட் பேக்கேஜ் வரும். நெட் இல்லாத லேபுக்கு உபுண்டுவை விட டெபியன் அல்லது மின்ட் எண்டு நான் நிக்கிறது இதாலதான். மின்ட் 20ல இருந்து ஸ்னாப்பைத் தடுத்தே வைச்சிருக்கு, ஃபயர்ஃபொக்ஸ் நேர டெப்பா வருது.

பழைய மெசினுகளில இன்னுமொண்டு. மதர்போர்ட்டில இருக்கிற அந்த வட்ட பற்றரி, சிஆர்2032 எண்டு எழுதிக்கிடக்கும், அது செத்தா மெசினின்ர திகதி பத்துப் பதினைஞ்சு வருசம் பின்னுக்கு நிக்கும். ஆப்ட் ரெப்போவின்ர (பேக்கேஜுகள் வைச்சிருக்கிற களஞ்சியம்) ரிலீஸ் ஃபைலில திகதி பாக்கிறது, அப்ப ‘இந்த ஃபைல் இன்னும் செல்லுபடியாகேல்லை’ எண்டு பிழை காட்டும். ஆக்கள் பென்னைக் குறை சொல்லுவினம், ரெப்போவைக் குறை சொல்லுவினம், மூலைத் திகதியை ஒருத்தரும் பாக்காயினம். நெட் இருக்கிற மெசின் தானா நேரத்தைத் திருத்திடும், நெட் இல்லாததுக்கு நீங்கள்தான் திருத்தோணும். போகேக்க ரெண்டு பற்றரியையும் பொக்கெட்டில போடுங்கோ.

சினாப்டிக் (மவுஸால பேக்கேஜ் போடுற புரோகிராம்) பாவிக்கிறவைக்கு அதின்ர மெனுவில டவுன்லோட் ஸ்கிரிப்ட் எழுதித் தாற வசதி இருக்கு, ஆப்ட்-கெட்டில --பிரின்ட்-யூஆர்ஐஸ் எண்டு போட்டாலும் ஃபைல்களின்ர முகவரியளைத் தரும், அதை நெட் கஃபேல குடுத்து இறக்கலாம். ஒண்டிரண்டு பேக்கேஜுக்கு ஓகே. இறக்கின டெப்பை டிபிகேஜி -ஐ எண்டு ஒவ்வொண்டாப் போடாமல் ஃபோல்டருக்குள்ள நிண்டு ‘ஆப்ட் இன்ஸ்டால்’ எண்டு புள்ளி, சாய்கோடு போட்டு ஃபைல் பேரைக் குடுங்கோ, ஒழுங்குமுறையை அதுவே பாத்துக்கொள்ளும். ஆனா இந்த வழியில சிக்னேச்சர் செக் நடக்கிறேல்லை. ரெப்போவில இருந்து வரேக்க ரிலீஸ் ஃபைலுக்குக் கையெழுத்து, அதுக்குள்ள லிஸ்டின்ர ஹேஷ் (ஃபைலின்ர கைரேகை மாதிரி), லிஸ்டுக்குள்ள டெப்பின்ர ஹேஷ் எண்டு ஒரு சங்கிலி இருக்கு. தனி டெப் ஃபைலுக்கு அந்தச் சங்கிலி அறுந்துபோச்சு, தந்த ஆளில இருக்கிற நம்பிக்கை மட்டும்தான் மிச்சம்.

மூண்டாவது கேஸ், நெட் இருக்கு, ஆனா மெசின் கனக்க. திருநெல்வேலிப் பக்கத்து ரியூசன் சென்டர் ஒண்டில இருபது மெசின், ஒவ்வொண்டுக்கும் 500 எம்பி அப்டேட் எண்டா 10 ஜிபி. இதுக்கு ஆப்ட்-கேஷர்-என்ஜி போட்டா முதல் மெசின் கேக்கேக்க ஒருக்கா மட்டும் நெட்டில இருந்து இறங்கும், மற்றப் பத்தொன்பதுக்கும் உள் நெட்வேர்க்கில இருந்தே போகும், 10 ஜிபி அரை ஜிபி ஆகும். சேர்வரெண்டு புதுசா ஒண்டும் வாங்கத் தேவையில்லை, இருக்கிற மெசினில ஒண்டு காணும். மற்ற மெசினுகளில ஆப்டின்ர செட்டிங்கில ஒரே ஒரு வரி, அந்த மெசினின்ர ஐபியும் 3142 எண்ட போர்ட் நம்பரும். எச்டிடிபிஎஸ் ரெப்போக்களை அது சும்மா கேஷ் பண்ணாது, அதுக்குத் தனி ஏற்பாடு வேணும், ஆனா டெபியனின்ர உபுண்டுவின்ர மெயின் ரெப்போக்கள் எச்டிடிபியிலயே வேலை செய்யிறதால பெரிய பிரச்சினை இல்லை. லப்டொப்பை வீட்ட கொண்டுபோறவைக்கு மட்டும், அங்க அந்த ஐபி இல்லாததால ஆப்ட் அடம்பிடிக்கும், ஓட்டோ-ஆப்ட்-ப்ரொக்ஸி எண்ட பேக்கேஜைப் போட்டுவிட்டா ப்ரொக்ஸி (அந்தக் கேஷ் மெசின்) இருந்தாப் பாவிக்கும், இல்லாட்டி நேர போகும்.

முழு ரெப்போவையும் ஆப்ட்-மிரர் போட்டு இறக்கி வைச்சா என்ன எண்டு ஒவ்வொரு லினக்ஸ் கூட்டத்திலயும் ஒருத்தர் கேப்பார். நூற்றுக்கணக்கான ஜிபி. லேபில பாவிக்கிறது அதில நூறில ஒரு பங்குகூட வராது, மிச்சமெல்லாம் டேட்டாவுக்கும் டிஸ்குக்கும் பிடிச்ச சனி. கம்பஸ் மாதிரி பெரிய இடத்துக்குச் சரி, ரியூசன் சென்டருக்கு விசர் வேலை. அதுக்குப் பதிலா டெபியனின்ர முதல் டிவிடி ஐஎஸ்ஓ கிட்டத்தட்ட 4 ஜிபிதான், டெஸ்க்டொப்பும் லிப்ரே ஆபிஸும் அதிலயே வருது, ஆப்ட்-சிடிரொம் எண்டு சேத்துவிட்டா ஒரு குட்டி ரெப்போ. பெரிய ஐஎஸ்ஓக்களைப் பென்னில கொப்பி பண்ணேக்க பென் ஃபேட்32 எண்டா 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைலா ஏறாது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாத்துங்கோ.

டெப் இல்லாத மற்றப் பேக்கேஜ் வகையள், ஸ்னாப், ஃப்ளாட்பேக், ஆப்இமேஜ் பற்றி ரெண்டு வரி. ‘ஸ்னாப் டவுன்லோட்’ அடிச்சா ஸ்னாப் ஃபைலும் அதோட அசேர்ட் எண்டு ஒரு சின்ன ஃபைலும் வரும், ரெண்டையும் கொண்டுபோகோணும், அசேர்ட்டை முதல் ‘ஸ்னாப் அக்’ எண்டு ஏத்திப்போட்டுத்தான் மற்றது. ஃப்ளாட்பேக்கில க்ரியேட்-யூஎஸ்பி எண்டு கட்டளையே இருக்கு, ஆனா ரன்டைமும் சேந்து வாறதால சின்ன ஆப்புக்கும் பெரிய பென் தேவை. ஆப்இமேஜ் ஒரே ஃபைல், பெர்மிஷன் குடுத்தா ஓடும், கொண்டு திரிய அதைப்போலச் சுகமானது வேற இல்லை. 22.04ல இருந்து உபுண்டுவில லிப்ஃபியூஸ்2 எண்டுறது தானா வாறேல்லை, கன ஆப்இமேஜுக்கு அது வேணும், அந்த டெப்பையும் பென்னில போட்டுக்கொண்டு போனீங்களெண்டா அங்க நிண்டு முழிக்கத் தேவையில்லை.

இறக்கி வைக்கிற பழக்கம் வந்தா டிஸ்கும் நிரம்பும், அதுவும் 120 ஜிபி எஸ்எஸ்டி எண்டாக் கெதியா. ‘ஆப்ட்-கெட் கிளீன்’ எல்லாத்தையும் துடைச்சுப்போடும், நேற்று இரவு இறக்கினதையும் சேத்துத்தான். ‘ஓட்டோகிளீன்’ எண்டா ரெப்போவில இனி இல்லாத பழைய வேர்ஷன்களை மட்டும் எடுக்கும். இரவில இறக்கிப் பகலில போடுறவைக்கு ரெண்டாவதுதான் சரி.